கூகுளில் ஒரு இணைப்பைத் தொட்டால் அது யாருக்கெல்லாம் தெரியும்?

தங்கச்சிமடம் தம்பி
ஞாயிறு, மாலை 6:40

எங்கள் அப்பாவுக்கு நாட்டுப்படகு. தெருவில் படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். காற்று, அலை, மீன் விலை, ஐஸ் கிடைக்கிறதா இல்லையா, இதுதான் அதில் ஓடும். போன புதன்கிழமை சாயங்காலம் தென்கடல் பக்கம் காற்று ஏறுகிற மாதிரி இருந்தது. கைபேசியில் தேடினேன். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் போடுகிற கடல்நிலை முன்னறிவிப்பு மேலேயே வந்தது. அந்த இணைப்பை அழுத்திப் பிடித்து, நகலெடுத்து, குழுவில் ஒட்டிவிட்டேன்.

ஒட்டிய பிறகுதான் பார்க்கிறேன், திரை முழுக்க ஒரே முகவரி. தொடக்கத்தில் கூகுள் டாட் காம், அடுத்து யுஆர்எல் என்று ஒரு சொல், ஒரு கேள்விக்குறி, அப்புறம் எழுத்தும் எண்ணும் சதவீதக் குறியுமாக நண்டு ஊர்ந்த மணல் மாதிரி போகிறது. சித்தப்பா ஒருவர் அதைத் தொட்டிருக்கிறார். "நீங்கள் இருந்த பக்கம் உங்களை வேறு இடத்துக்கு அனுப்பப் பார்க்கிறது" என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு வந்ததாம். உடனே குழுவில் குரல் பதிவு: "பேங்க்ல இருக்கிற காசைப் பிடுங்குற லிங்க்கு மாதிரி இருக்கு, யாரும் தொடாதீங்கப்பா." அன்றைக்குக் காற்று பற்றி நான் சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் நகலெடுத்தது அரசாங்கப் பக்கம். நடுவில் கூகுள் எப்படி வந்து உட்கார்ந்தது? நான் எதைத் தொடுகிறேன் என்று பார்க்கிறதா? பார்த்து அதற்கு என்ன ஆகப் போகிறது?

கீழக்கரை நெட்கடை
ஞாயிறு, இரவு 8:15

தம்பி, அது வைரஸ் இல்லை. சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

தேடல் பக்கத்தில் நமக்குக் கண்ணில் தெரிவது போக வேண்டிய இடத்தின் முகவரி. ஆனால் தொட்டவுடன் பல நேரம் நேராக அங்கே போவதில்லை. முதலில் கூகுளின் வாசலுக்குப் போய், அங்கே ஒரு வரி பதிவாகி, அப்புறம்தான் அந்தப் பக்கத்துக்குப் போகிறது. இன்ன நேரத்தில், இன்ன சொல்லைத் தேடிய இந்த உலாவி, இந்த இணைப்பைத் தொட்டது என்பதுதான் அந்த வரி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. நீங்கள் அழுத்திப் பிடித்து நகலெடுத்தபோது, அந்த வாசலின் முகவரியும் சேர்ந்து வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்த நீளமான முகவரியைத் துண்டு துண்டாகப் படித்தால் பயம் போய்விடும். நடுவில் யுஆர்எல் என்று ஒரு துண்டு இருக்கும், அதுதான் போக வேண்டிய இடம். சதவீதக் குறி 2எஃப் என்று திரும்பத் திரும்ப வருவது வெறும் சாய்கோடு. வெட் என்று ஒரு துண்டு இருக்கும். நீங்கள் தொட்டது பக்கத்தில் எத்தனையாவது இணைப்பு, அது சாதாரண முடிவா, படமா, வேறு வகையா என்பதெல்லாம் அந்தப் புரியாத எழுத்துகளுக்குள் பொதிந்திருக்கிறது. கடைசிப் பக்கம் யுஎஸ்ஜி என்று ஒன்று வரலாம். அது முத்திரை. எவனாவது கூகுளின் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டு மோசடிப் பக்கத்துக்கு ஆள் அனுப்பாமல் இருக்க வைத்த பூட்டு. முத்திரை ஒத்துவராவிட்டால் சித்தப்பா பார்த்த அறிவிப்பு வரும். ஆக அவருக்கு வந்த சந்தேகம்தான் கூகுளுக்கும் வந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது.

இனிமேல் பக்கத்தைத் திறந்துவிட்டு, மேலே முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுங்கள். அது சுத்தமாக இருக்கும்.

ஏர்வாடி சும்மா
ஞாயிறு, இரவு 9:02

இதில் என்ன பெரிய ரகசியம்? மளிகைக் கடைக்காரருக்கு நான் எந்தச் சோப்பு வாங்குகிறேன் என்று தெரியாதா? கடை அவருடையது, கவனிக்கிறார். தேடல் ஓசியில் கிடைக்கிறது, நம் கிளிக்கை அவன் எண்ணிக்கொள்ளட்டும். நான் எதைத் தொட்டேன் என்று அமெரிக்காவில் எவன் உட்கார்ந்து படிக்கப் போகிறான்?

வலைக்காரன்
ஞாயிறு, இரவு 11:20

ஊர் தேவிபட்டினம், வேலை பெங்களூரில், இணையப் பக்கம் கட்டுவதுதான் பிழைப்பு. பெயர் அதனால்தான், மீன்வலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

நெட்கடைக் காக்கா (அண்ணனைக் கீழக்கரைப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது) சொன்னது பழைய வழி. அதை ஒரு கணினியில் கண்ணால் பார்க்கலாம். நான் ஃபயர்பாக்ஸ் உலாவியில் பார்த்தது இப்படி: ஒரு முடிவின் மேல் சுட்டியை வைத்தால் கீழ் மூலையில் அந்தத் தளத்தின் சொந்த முகவரி தெரியும். இப்போது பொத்தானை அழுத்துங்கள், ஆனால் விடாதீர்கள். அப்படியே சுட்டியை வெளியே இழுத்துவிட்டு விடுங்கள். திரும்ப அதே இணைப்பின் மேல் வந்தால் கீழ் மூலையில் கூகுளின் நீள முகவரி உட்கார்ந்திருக்கும். விரல் கீழே இறங்கிய அந்த நொடியில் பக்கத்தில் இருக்கும் நிரல் முகவரியை மாற்றிவிடுகிறது. பார்க்கும்வரை ஒன்று, தொடும்போது வேறொன்று.

கூகுளின் குரோம் உலாவியில் இந்த மாற்று வேலை தேவைப்படுவதில்லை. அங்கே பிங் என்று ஒரு ஏற்பாடு. இணைப்பை எழுதும்போதே, "இதைத் தொட்டால் இந்த இன்னொரு முகவரிக்கும் ஒரு தகவல் அனுப்பு" என்று உலாவியிடம் சொல்லிவைக்கலாம். நீங்கள் நேராகத் தளத்துக்குப் போகிறீர்கள். பின்னால் உலாவியே கூகுளுக்கு ஒரு சின்னச் செய்தி தட்டிவிடுகிறது. எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முடிவைத் தொட்டால் அந்த வரி ஓடுவதைப் பார்க்கலாம். அந்தச் செய்தியின் உடலுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? பிங் என்ற நாலு ஆங்கில எழுத்து மட்டும்தான். சொல்ல வேண்டியது எல்லாம் முகவரியிலும், கடித உறை மேல் எழுதுவது மாதிரி செய்தியோடு போகும் தலைப்புக் குறிப்புகளிலும் போய்விடும். கூகுள் சேவையகம் பதிலுக்கு 204 என்ற எண்ணை அனுப்பும், "கிடைத்தது, திருப்பித் தர ஒன்றும் இல்லை" என்று அர்த்தம்.

ஃபயர்பாக்ஸ் இந்தப் பிங்கைத் தொடக்கத்திலிருந்தே அணைத்து வைத்திருக்கிறது. குரோமில் அணைப்பதற்கு இருந்த வசதியை 2019 இல் எடுத்துவிட்டார்கள். உலாவியும் அவர்களுடையது, தேடலும் அவர்களுடையது.

கூகுள் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிங் தேடுபொறியில், பெயர் குழப்பத்துக்கு மன்னிக்கவும், சிகே என்ற சொல்லோடு ஒரு வாசல் முகவரி. யாகூவில் ஆர் டாட் சர்ச் என்று தொடங்கும். எல்லாரும் கணக்குப் பிள்ளை வைத்திருக்கிறார்கள்.

தங்கச்சிமடம் தம்பி
திங்கள், காலை 5:50

வலைக்காரன் அண்ணே, அந்த அழுத்தி இழுக்கிற வேலையைத் தங்கச்சியின் லேப்டாப்பில் செய்து பார்த்தேன். மாறுகிறது! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கையை வைக்கும்போது ஒரு எடை, எடுக்கும்போது ஒரு எடை, நம்ம ஊர் தராசு மாதிரி" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தொண்டி டீச்சர்
திங்கள், மாலை 5:10

ஏர்வாடி சகோதரர் கேட்டதற்கு: எவன் படிக்கப் போகிறான் என்ற கேள்விக்கு 2006 இல் ஒரு பதில் கிடைத்தது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதுண்டு.

அமெரிக்காவில் ஏஓஎல் என்ற நிறுவனம் அந்த ஆண்டு ஆகஸ்டில், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டும் என்று, தன் தேடல் பதிவுகளைப் பொதுவில் போட்டது. ஏறத்தாழ 6,50,000 பேர், மூன்று மாதத்தில் தேடிய 2 கோடி தேடல்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு எண் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியிலும் ஆளின் எண், தேடிய சொல், நேரம், எதையாவது தொட்டிருந்தால் அது எத்தனையாவது இடத்தில் இருந்தது, எந்தத் தளம். காக்கா மேலே சொன்ன அதே கணக்கு.

சில நாளில் ஒரு செய்தித்தாள் 4417749 என்ற எண்ணுக்குரியவரைக் கண்டுபிடித்து வீட்டுக்கே போய்விட்டது. ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த, கணவரை இழந்த ஒரு மூதாட்டி. சொந்த ஊரில் தோட்டவேலைக்கு ஆள், தன் குடும்பப் பெயருள்ளவர்கள், நாய்க்குட்டி பற்றி ஏதோ, உடம்புக்கு ஏதோ. இதைக் கோத்தாலே ஆள் தெரிந்துவிட்டது. ஏஓஎல் அந்தக் கோப்பை எடுத்துவிட்டது, ஆனால் அதற்குள் பலரும் நகல் எடுத்துவிட்டார்கள்.

ராமநாதபுரம் மாதிரி ஊரில் ஒருவர் தேடியதையும் தொட்டதையும் கோத்தால் எண்கூட வேண்டாம். மண்டபத்தில் தையல் மெஷின் ரிப்பேர், தொண்டியில் வாடகை வீடு, மகளுக்கு நர்சிங் சீட் என்று மூன்று தேடல் போதும், எங்கள் தெருவில் யார் என்று நானே சொல்லிவிடுவேன்.

ஏர்வாடி சும்மா
திங்கள், மாலை 6:33

டீச்சர், அது தெரியாமல் வெளியே போட்டது. அதற்கும் கூகுள் கணக்கு வைப்பதற்கும் சம்பந்தம் என்ன? அரிசி மூட்டை கிழிந்ததற்குக் கிடங்கு கட்டியவனைத் திட்டலாமா?

தொண்டி டீச்சர்
திங்கள், மாலை 6:41

கிடங்கில் எதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று மூட்டை கிழிந்த பிறகுதானே நமக்குத் தெரிந்தது.

கருவாட்டு அக்கா
திங்கள், இரவு 9:45

நீங்கள் எல்லாம் உங்களை எண்ணுகிறார்களே என்று கவலைப்படுகிறீர்கள். என் கவலை, என்னை யாரும் தொட மாட்டேன் என்கிறார்களே என்பது.

மண்டபத்தில் கருவாடு போடுகிறேன். நெத்திலி, வாளை, காரல், பிள்ளைச்சுறா. இரண்டு வருஷமாக ஒரு சின்ன இணையதளம், பார்சலில் அனுப்புகிறோம். தங்கை மகன் சர்ச் கன்சோல் என்று ஒன்றைக் காட்டிக்கொடுத்தான். தளத்துக்குச் சொந்தக்காரர் பார்க்கலாம். எந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தைக் காட்டினார்கள், எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று வரும். 16 மாதக் கணக்கு இருக்கிறது. போன வாரம் நெத்திலிக்கு 212 தடவை காட்டியிருக்கிறார்கள், தொட்டது மூன்று பேர். அதில் ஒன்று நான்.

சரி என்று ஒரு ஆளைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். "அக்கா, கூகுளில் கிளிக் கூடினால் மேலே வந்துவிடும், நான் ஆள் வைத்து ஒரு மாதம் கிளிக் பண்ண வைக்கிறேன்" என்றான். 6,000 ரூபாய். முதல் வாரம் எண் ஏறியது, எனக்கும் சந்தோஷம். பார்த்தால் ஒருத்தர்கூட உள்ளே வந்து விலையைப் பார்க்கவில்லை. வந்த வேகத்தில் போயிருக்கிறார்கள். மாதம் முடிந்தபோது முன்பு இருந்த இடத்தில்தான் இருந்தேன், 6,000 ரூபாய் குறைவாக. மீன்பிடித் தடைக்காலத்தில், கையில் வரவே இல்லாத நேரத்தில் கொடுத்த பணம்.

கிளிக்கைப் பார்த்துத்தான் மேலே போடுகிறார்கள் என்பது உண்மையா, பொய்யா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

கீழக்கரை நெட்கடை
திங்கள், இரவு 10:30

உண்மைதான் அக்கா, ஆனால் அவன் சொன்ன மாதிரி இல்லை.

பல வருஷமாகக் கூகுள் ஆட்கள் இதைப் பற்றிக் கேட்டால் பிடி கொடுக்காமலே பேசினார்கள். கிளிக் என்பது குழப்பமான தகவல், அதை நம்ப முடியாது என்கிற தொனி. பிறகு அமெரிக்க அரசு கூகுள் மேல் ஏகபோக வழக்குப் போட்டது. 2023 இல் அந்த விசாரணையில் கூகுள் தேடல் பிரிவின் துணைத்தலைவர் பாண்டு நாயக் சாட்சி சொன்னார். நாவ்பூஸ்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, எந்தத் தேடலுக்கு எந்த முடிவை மக்கள் தொட்டார்கள் என்பதை 13 மாதத்துக்கு வைத்துக்கொள்கிறது, தரவரிசைக்கு அது முக்கியமான குறிப்புகளில் ஒன்று என்று வெளியே வந்தது. முன்பு 18 மாதம் வைத்திருந்தார்களாம். கைபேசிக்குத் தனிக் கணக்கு, கணினிக்குத் தனிக் கணக்கு, இடத்துக்கும் தனி.

13 மாதம் ஏன் என்று நானாக யோசித்தது: ஒரு வருஷமும் ஒரு மாதமும் இருந்தால் போன ஆடி அமாவாசையும் இந்த ஆடி அமாவாசையும் ஒரே கணக்கில் அகப்படும். ராமேஸ்வரத்தில் ரூம் தேடுகிறவர்கள் அந்த வாரம் தொடுவது வேறு, மற்ற மாதம் தொடுவது வேறு. இது என் ஊகம்தான்.

2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் கொஞ்சம் வெளியே கசிந்தன. அதில் நல்ல கிளிக், கெட்ட கிளிக், கடைசியாக நீண்ட நேரம் நின்ற கிளிக் என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. அக்காவின் 6,000 ரூபாய் எங்கே போனது என்பதற்கு அந்தப் பெயர்களே பதில். உங்களுக்கு வந்தது எல்லாம் கெட்ட கிளிக்.

வலைக்காரன்
செவ்வாய், நள்ளிரவு 12:15

காக்கா சொன்னதோடு சேர்த்து. நம் கடற்கரைக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். வடகடலில் ஒரு படகு நாலு நாள் ஒரே பக்கம் போனால், கரையில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார், அங்கே மீன்பாடு இருக்கிறது என்று. போன வேகத்தில் வெறும் வலையோடு திரும்பினால் அதுவும் அவருக்குச் செய்திதான். அவர் படகில் ஏறவே இல்லை. போனதையும் திரும்பியதையும் மட்டும் பார்த்தார்.

தேடலிலும் திரும்பி வருவதுதான் பெரிய செய்தி. ஒரு முடிவைத் தொட்டு, ஐந்து நொடியில் பின்னால் வந்து, அடுத்ததைத் தொட்டு, அங்கேயே தங்கிவிட்டால், முதலாவது ஏமாற்றியது, இரண்டாவது ஆறுதல் தந்தது. நீங்களே கவனித்திருப்பீர்கள்: ஒரு முடிவுக்குப் போய்விட்டுப் பின்னால் வந்தால், அந்த முடிவின் கீழே "இதையும் தேடுகிறார்கள்" என்று ஒரு சின்னப் பெட்டி சில நேரம் முளைக்கும். நீங்கள் திரும்பி வந்தது தெரியாமல் அதைக் காட்ட முடியாது.

தொடாமல் விட்டதும் கணக்குதான். 2002 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் ஜோகிம்ஸ் என்பவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லாரும் படிப்பது. ஒருவர் மூன்றாவதைத் தொட்டார் என்றால் மேலே இருந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் தாண்டினார் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆகவே மூன்றாவது அந்த இரண்டையும்விட மேல் என்ற பாடத்தை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்றார். ஏலத்தில் வியாபாரி மேலே இருக்கும் இரண்டு மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு மூன்றாவதைத் தூக்குகிறார் இல்லையா, அதே கதை. அக்கா கடையில் நாள் முழுக்க நடப்பது இதுதான்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. மேலே இருப்பதையே மக்கள் தொடுகிறார்கள், நல்லதோ இல்லையோ. 2005 இல் அதே குழு மாணவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தது. முடிவுகளைத் தலைகீழாக அடுக்கிக் கொடுத்தபோதும் பையன்கள் மேலே இருந்ததை நோக்கியே சாய்ந்தார்கள். தேடுபொறி மேல் அவ்வளவு நம்பிக்கை. அதனால் முதலிடத்தில் வந்த 100 கிளிக்கும் எட்டாவது இடத்தில் வந்த 100 கிளிக்கும் ஒன்றில்லை, எட்டாவது இடத்துக் கிளிக்குக்கு எடை கூட. வெறும் எண்ணிக்கையை அப்படியே எடுத்தால், மேலே இருப்பவன் மேலேயே இருப்பான்.

தங்கச்சிமடம் தம்பி
செவ்வாய், காலை 6:05

அண்ணே, இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. கள்ளக்கடல் (முன்னறிவிப்பில்லாமல் கரையேறும் பேரலை) எச்சரிக்கை என்று தேடினால் எனக்குப் போன வருஷச் செய்தி முதலில் வருகிறது. தலைப்பில் தேதி இல்லை. எங்கள் குழுவில் இரண்டு முறை அதை யாரோ போட்டு, படகுகள் கரையிலேயே நின்றன. அன்றைக்குக் கடல் குளம் மாதிரி கிடந்தது. போன வருஷம் ஊரே அதைத் தொட்டிருக்கும், அதனால் மேலே நிற்கிறதோ?

வலைக்காரன்
செவ்வாய், மதியம் 1:30

அது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன் தம்பி. செய்திக்குப் புதுமை பார்ப்பதற்கும் அவர்களிடம் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் தமிழில் அந்தத் தேடலைச் செய்பவர்கள் கொஞ்சம் பேர், புதிதாக எழுதப்படும் பக்கங்களும் கொஞ்சம். ஆள் குறைந்த கணக்கில் பழைய கிளிக்குக்குப் பலம் அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது, கடல் விஷயத்துக்குத் தேடவே தேடாதீர்கள். இன்காய்ஸ் பக்கத்தை உலாவியில் குறித்து வைத்து நேராகப் போங்கள். உயிர் சம்பந்தப்பட்டதற்கு ஊரான் தொட்டதை நம்பிப் போக வேண்டாம்.

ஏர்வாடி சும்மா
செவ்வாய், மதியம் 2:10

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன், கணக்கு வைப்பது சும்மா இல்லை. ஆனால் நான் முதலில் சொன்னதுதான்: அந்தக் கணக்கால்தானே தேடல் நன்றாக வேலை செய்கிறது? வேறு தேடுபொறியில் ஏர்வாடி தர்கா பஸ் நேரம் கேட்டுப் பாருங்கள், எங்கேயோ வட இந்தியாவுக்குக் கூட்டிப் போகிறது.

கீழக்கரை நெட்கடை
செவ்வாய், இரவு 9:20

சும்மா தம்பி சொன்னதில்தான் வழக்கின் சாரமே இருக்கிறது. ஆள் அதிகம் வந்தால் கிளிக் அதிகம், கிளிக் அதிகமானால் முடிவு நன்றாகும், முடிவு நன்றானால் இன்னும் ஆள் வரும். பின்னால் வருபவனுக்கு அந்தக் கணக்கு கிடைக்காது. 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்புச் சொன்னார். 2025 செப்டம்பரில், தகுதியுள்ள போட்டியாளர்களுக்குத் தேடல் அட்டவணையில் (தேடுவதற்காகக் கூகுள் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களின் பட்டியல்) ஒரு பகுதியையும், பயனர்கள் எப்படித் தொட்டார்கள் என்ற தரவில் ஒரு பகுதியையும் கொடுக்க வேண்டும் என்றார். நாம் தொட்ட கணக்கு, கோர்ட்டில் பங்கு போடுகிற அளவுக்குச் சொத்து.

கிளிக்குக்காக நடந்த பழைய சண்டை ஒன்றும் உண்டு. 2010 கடைசியில் கூகுளுக்கு ஒரு சந்தேகம், மைக்ரோசாஃப்டின் பிங் நம் முடிவுகளைப் பார்த்து எழுதுகிறதோ என்று. அர்த்தமே இல்லாத சுமார் நூறு சொற்களை உருவாக்கி, அவற்றுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களைத் தன் தேடலில் முதலிடத்தில் வைத்தது. இருபது பொறியாளர்கள் வீட்டில் உட்கார்ந்து, மைக்ரோசாஃப்டின் உலாவியில் அந்தச் சொற்களைத் தேடி, அந்த முடிவுகளைத் தொட்டார்கள். சில வாரத்தில் பத்துக்கும் குறைந்த சொற்களுக்கு அதே முடிவு பிங்கிலும் தெரிந்தது. 2011 பிப்ரவரியில் போட்டு உடைத்தார்கள். எங்கள் பயனர்கள் சம்மதித்துக் கொடுத்த தரவுதான், பல குறிப்புகளில் இதுவும் ஒன்று என்றது மைக்ரோசாஃப்ட். யார் பக்கம் நியாயம் என்று நான் போக மாட்டேன். மக்களின் கிளிக்கைக் கூகுள் பார்க்கலாம், பிங் பார்க்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்று, சொந்த அனுபவம். 2008 இல் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்குத் தளம் கட்டிக்கொடுத்தேன். அப்போது வருகிறவர் கூகுளில் என்ன சொல்லைத் தேடி வந்தார் என்பது எங்கள் பதிவேட்டிலேயே விழும். "கோவில் பக்கம் ரூம் 300 ரூபாய்", "தனுஷ்கோடி ஜீப்", ஒருத்தர் "பாம்பன் பாலம் பயமா" என்று தேடி வந்திருந்தார். படிக்கப் படிக்கச் சுவை. 2011 அக்டோபரில், கணக்கில் நுழைந்து தேடுபவர்களின் சொல்லை நிறுத்தினார்கள். 2013 இல் எல்லாருக்கும் நிறுத்தினார்கள். "வழங்கப்படவில்லை" என்று ஒரே வரி வந்தது. பயனரின் அந்தரங்கம் காக்க என்றார்கள். விளம்பரத்துக்குப் பணம் கட்டியவருக்கு மட்டும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் சொல் போய்க்கொண்டிருந்தது. நல்ல அந்தரங்கம்.

தொண்டி டீச்சர்
புதன், மாலை 4:50

விளக்கம் எல்லாம் சரி, இப்போது என்ன செய்வது? என் போனில் எங்கே போய் எதை அணைப்பது? பிள்ளைகள் கேட்கிறார்கள், மறைநிலையில் (இன்காக்னிட்டோ) தேடினால் போதுமா என்று.

வலைக்காரன்
புதன், இரவு 10:05

டீச்சர், மறைநிலை போதாது. உங்கள் போனில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். தொட்ட செய்தி அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். இதற்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2024 இல் மறைநிலையில் சேர்த்த பழைய தரவை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது.

கூகுள் கணக்கில் "எனது செயல்பாடு" என்ற பக்கம் இருக்கிறது. திறந்து பாருங்கள், தேடியதற்குக் கீழே "பார்த்தது" என்று தொட்ட தளங்களின் பட்டியல் வரும். எனக்கு முதல் முறை பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. அங்கேயே இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாட்டை நிறுத்தலாம், அல்லது 3 மாதத்துக்கு மேல் பழையது தானாக அழியும்படி வைக்கலாம். 2020 ஜூனிலிருந்து புதுக் கணக்குகளுக்கு 18 மாதம் என்று அவர்களே வைத்திருக்கிறார்கள். ஆனால் இது உங்கள் பெயரில் சேர்வதைத்தான் நிறுத்தும். பிங் செய்தி போவதை நிறுத்தாது.

அதையும் தடுக்க வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை, அதாவது உலாவியோடு சேரும் துணைக் கருவியை, சேர்க்கலாம். டக்டக்கோ தேடுபொறி தேடல் வரலாற்றை ஆளோடு இணைத்து வைப்பதில்லை என்கிறது. அங்கே விளம்பரம் மைக்ரோசாஃப்டிலிருந்து வருகிறது, விளம்பரத்தைத் தொட்டால் அந்த வழியாகத்தான் போவீர்கள். விளம்பரக் கிளிக் எங்கேயும் எண்ணப்படும், ஏனென்றால் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒருவர் பணம் கட்டுகிறார். பக்கத்து லாட்ஜ்காரனின் விளம்பரத்தை உட்கார்ந்து தொட்டுத் தொட்டு அவன் பணத்தைக் கரைக்கலாம் என்று யாராவது கிளம்பாதீர்கள். அதைக் கண்டுபிடித்துக் கழிக்கத் தனி ஏற்பாடே வைத்திருக்கிறார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், அலுவலகத்தில் குரோம், வீட்டில் ஃபயர்பாக்ஸ். முழுக்க யோக்கியன் இல்லை.

மட்டுறுத்துநர்
வியாழன், காலை 8:00

கிளிக் விற்பவர் இருவர் இந்த இழையில் விளம்பரம் போட்டார்கள். நீக்கிவிட்டேன்.

கருவாட்டு அக்கா
வியாழன், இரவு 8:55

நீக்கியதற்கு நன்றி, இல்லாவிட்டால் நானே போன் போட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

வலைக்காரன் தம்பி, காரணம் பிடிபட்டுவிட்டது. என் பக்கத்தின் தலைப்பில் "ப்ரீமியம் டிரை ஃபிஷ்" என்று தங்கை மகன் போட்டு வைத்திருக்கிறான். நெத்திலி கருவாடு என்று தேடுகிறவர் அதைப் பார்த்தால் ஏன் தொடப் போகிறார்? "மண்டபம் நெத்திலி கருவாடு, தலை கிள்ளியது, மண் இல்லாதது" என்று மாற்றச் சொல்லிவிட்டேன். விலையையும் மேலேயே போட்டுவிட்டோம். உள்ளே வந்தவர் நிற்கட்டும்.

தங்கச்சிமடம் தம்பி
வெள்ளி, காலை 5:30

நேற்று பட்டையிலிருந்து நகலெடுத்துப் போட்டேன். ஒரே வரி. சித்தப்பா திறந்து பார்த்துவிட்டு, "இது தொறக்குது" என்று மட்டும் பதில் போட்டார். காற்று கச்சான், மதியத்துக்கு மேல் ஏறும் என்று இருந்தது. ஏறியது.

ஏர்வாடி சும்மா
வெள்ளி, காலை 9:12

அக்கா, நெத்திலி அரைக் கிலோ என்ன விலை? இங்கேயே சொல்லிவிடுங்கள், தேடிக்கொண்டு வர மாட்டேன்.